கல் எடை கழித்து

எங்கள் கிளையில் நகைக்கடன் மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு இருக்கை. மதிப்பீட்டாளர் அட்டிகையை உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார், தராசில் வைப்பார், இரண்டு எண்கள் சொல்வார்: மொத்த எடை, கல் எடை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து நான் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். மிஞ்சுவது நிகர எடை. கடன் அதற்குத்தான். "கல்லுக்கு ஒண்ணும் கிடையாதா சார்?" என்று யாராவது ஒரு அம்மாள் தினமும் கேட்கிறாள். கிடையாது என்று நானும் தினமும் சொல்கிறேன்.

பத்து வருஷமாக இந்தப் பக்கங்களில் நான் செய்துவந்த விமர்சனமும் ஏறக்குறைய இதே காரியம்தான் என்பது போன ஆடி மாதம்தான் எனக்கு உறைத்தது. ஒரு கவிதையை எடுத்துக்கொள்வேன். உவமை, அடைமொழி, ஓசைக்காகச் சேர்ந்த சொல், சரித்திர வாசனை எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சுவது என்ன என்று கேட்பேன். பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. அதைக் கறாராக எழுதுவேன். எழுதியதில் பெரும்பகுதி சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஆனால் எல்லா நகைக்கும் ஒரே தராசா என்ற கேள்வி வந்துவிட்டது. வந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

என் அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சைன்போர்டு ஆர்ட்டிஸ்ட். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் துடைத்துப் போட்ட பிறகு கல்யாண மண்டப ஜோடனை, ஸ்டூடியோக்காரர்களுக்குப் பின்திரை, திருவிழா நாடகங்களுக்கு சீன் என்று கிடைத்ததைச் செய்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருபது வருஷம் வாடகைக்கு இருந்தார். கடைசி ஆறு வருஷம் வாடகையில் பாதி என் சம்பளத்திலிருந்து போயிற்று.

அந்த மாடியை என்னவென்று சொல்ல? கலைந்துபோன நாடகக் கம்பெனி ஒன்றின் சிம்மாசனம், கில்ட் உதிர்ந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பேரம் பேசி வாங்கிய பெல்ஜியம் கண்ணாடிகள், பாதிக்கு மேல் ரசம் போனவை. லம்பாடிப் பாவாடைகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்த ஜன்னல் திரை. நிலைப்படியில் நரிக்குறவர்களிடம் வாங்கிய பாசிமணிச் சரங்கள். சேலைக்கு ஜரிகை ஒட்டிய ரவிவர்மா அச்சுப்படங்கள். ஸ்வீடன் எனாமல் தூக்கில் பிரஷ்கள். மணியத்தின் சித்திரங்களுக்காகவே வைத்திருந்த 'பொன்னியின் செல்வன்' பைண்டு வால்யூம்கள். இதற்கெல்லாம் நடுவில் கூண்டில்லாமல் உலவிய ஒரு கின்னிக்கோழி. அதன் கத்தலைப் பற்றி அக்கம்பக்கத்தில் புகார். ஒரு பக்கம் நாடோடிக் கூடாரம், இன்னொரு பக்கம் அந்தப்புரம். இரண்டும் ஒரே அறையில், மூச்சு முட்ட.

"எதையாவது வேண்டாம்னு சொல்லத் தெரியணும்ணே, அதுதான் கலை" என்று ஒரு முறை சொன்னேன்.

"நீ வேண்டாம்னு சொல்றதுக்கே சம்பளம் வாங்கறவன்டா" என்றார்.

போன வருஷம் வீட்டுக்காரர் வீட்டை விற்றார். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். பொருள்களை விற்பதென்று முடிவாயிற்று. முடிவு செய்தது நான். பட்டியல் எழுத வேண்டிய பொறுப்பும் எனக்கு வந்தது. அதே சமயம் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் பிரீ-ராஃபலைட் கவிதை பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார். தாக்கித்தான் எழுதுவதாக இருந்தேன். பி.ஏ.வில் ரொஸெட்டி எங்களுக்கு ஒரு கவிதையும் நாலு வரிக் குறிப்புமாகத்தான் வந்தார். அதற்கு மேல் படிக்க எனக்குத் தேவையும் இருந்ததில்லை. கட்டுரைக்காக அவருடைய உதவியாளர் ஹென்றி டிரெஃப்ரி டன் எழுதிய நினைவுக் குறிப்புகளை இரவில் படித்துக்கொண்டிருந்தேன். பகலில், லீவு போட்டு, அண்ணன் வீட்டில் பட்டியல்.

ரொஸெட்டியிடம் போகுமுன் பாரீஸ் வழியாகப் போக வேண்டும். போஹீமியன் என்பது பிரெஞ்சுக்காரர்கள் ஜிப்ஸிகளுக்கு இட்ட பெயர். பொஹீமியாவிலிருந்து வந்தவர்கள் என்ற தப்பெண்ணத்தால். (ஜிப்ஸிகளின் மொழியோ நம் வட இந்திய பாஷைகளின் சொந்தக்காரி.) பிறகு அது காசில்லாத கலைஞனுக்கு ஆகிவந்தது. ஆனால் பாரீஸின் முதல் போஹீமியன்கள் பலருக்கு நாடோடியாக மட்டும் இருக்கப் பிடிக்கவில்லை. பழைய காலத்து மனிதராகவும் இருக்க விரும்பினார்கள். 1830 பிப்ரவரி 25இல் ஹ்யூகோவின் 'எர்னானி' நாடகத்துக்கு கோத்தியே சிவப்பு வெயிஸ்ட்கோட் அணிந்து போனது ஒரு சரித்திர நாடகத்துக்காக. அடுத்த சில வருஷங்களில் அவரும் நெர்வாலும் நண்பர்களும் லூவ்ர் அரண்மனைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், இடிபாடுகளுக்கு நடுவே ஒரு பழைய வீட்டில் கூடி வாழ்ந்தார்கள். பழைய மரச்சாமான்கள், சுவர்ப் பலகைகளில் கொரோ முதலான நண்பர்கள் தீட்டிய ஓவியங்கள், கூத்து, விருந்து. லூவ்ர் விரிவாக்கத்தில் அந்தச் சந்தே மறைந்துபோயிற்று. தற்காலத்துடன் ஒத்துப்போக முடியாதவன் தேசாந்திரியாகவும் ஆகிறான், பூர்வீக அரசனாகவும் ஆகிறான். காசு இல்லை என்பதும் கனவு அதிகம் என்பதும் ஒரே மனநிலையின் இரண்டு கைகள். இதைப் படித்த அன்று அண்ணனுடைய சிம்மாசனத்தைப் பட்டியலில் ஏற்றியிருந்தேன்: 'நாற்காலி, மரம், பழுது.'

1862 பிப்ரவரியில் ரொஸெட்டியின் மனைவி எலிஸபெத் ஸிட்டல் அளவுக்கு மிஞ்சிய லாடனத்தால் இறந்தாள். கையெழுத்துப் பிரதியாக இருந்த தன் கவிதைகளை அவர் அவளுடைய சவப்பெட்டியில் வைத்துப் புதைத்துவிட்டார். அந்த அக்டோபரில் தேம்ஸ் கரையில், செல்ஸீயில், செய்னி வாக் 16ஆம் எண் வீட்டுக்குக் குடிபோனார். வாடகையில் பங்குக்கு ஸ்வின்பர்னும் மெரிடித்தும் தம்பி வில்லியமும். மெரிடித் அதிகம் தங்கவில்லை.

டன் வர்ணிக்கும் வீடு எனக்கு மிகவும் பரிச்சயமாக இருந்தது சங்கடமாக இருந்தது. முன்கூடத்தில் எல்லா அளவிலும் வடிவத்திலும் கண்ணாடிகள். எங்கே திரும்பினாலும் தன் முகமே தன்னைப் பார்க்கிறது என்கிறார் டன். கணப்பைச் சுற்றி நீல டச்சு ஓடுகள், சீன அரக்குப் பலகை. படுக்கை அறையில் நாலு கால் கட்டில், வெளிச்சத்தை விடாத கனத்த திரைகள், கறுத்த ஓக் மரத்தின்மேல் பித்தளையும் நீலப் பீங்கானும். அந்த நீலப் பீங்கானுக்காகப் பக்கத்தில் குடியிருந்த விஸ்லருடன் போட்டி. வாசிக்கத் தெரியாத வாத்தியங்கள் வேறு. தோட்டத்தில் மயில்களும் ஆர்மடில்லோக்களும். லண்டனில் ஜேம்ராக் என்ற மிருக வியாபாரியிடம் 1869இல் வாங்கிய வோம்பாட் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. அதன் உடலுக்கு முன்னால் தான் அழுவதாக ரொஸெட்டியே வரைந்த சித்திரம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. மயில் கத்தலால் அக்கம்பக்கத்தார் பட்ட பாட்டில், பிற்பாடு அந்தத் தெருவின் குத்தகைப் பத்திரங்களில் மயில் வளர்க்கக் கூடாதென்று ஷரத்தே சேர்த்தார்களாம். கின்னிக்கோழியை நினைத்துக்கொண்டேன்.

இதுவரை எனக்குக் கட்டுரை சுலபம். வேண்டாமென்று சொல்லத் தெரியாத ரஸனை, கழிக்கத் தெரியாத கவிதை என்று முடித்திருக்கலாம். படங்களைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் சிக்கல்.

1865இல் தீட்டிய 'நீலக் கொடிவீடு'. ஒரு பெண் ஜப்பானிய கோட்டோ வாத்தியத்தின் நரம்புகளில் கை வைத்திருக்கிறாள். பின்னால் நீல ஓடு பதித்த சுவர். ஓட்டின் அறுகோண வடிவம் இஸ்லாமியக் கட்டடங்களுடையது. அதன்மேல் உள்ள பூவேலை சீன ஜாடிகளுடையது. அப்படி ஓர் ஓடு உலகத்தில் எங்கும் கிடையாது. ரொஸெட்டி கற்பித்தது. அலமாரியில் இருந்த ஜாடியை அப்படியே படத்தில் வைத்திருந்தால் அது ஜோடனை. இவர் ஜாடியிலிருந்து பூவை உரித்தெடுத்து வேறொரு தேசத்து வடிவத்துக்குள் ஏற்றி, அந்த நீலத்தை அவள் கழுத்துவரை கொண்டுவருகிறார். இது கழித்தலால் கிடைக்கிற ஒருமை இல்லை. சேர்ப்பதன் மூலமாகவே, ஒன்று இன்னொன்றை மாற்றிக்கொண்டே போவதால் கிடைக்கிற ஒருமை. முத்தாலான சுருள் ஊசி ஒன்று அவருடைய பல படங்களில் வேறு வேறு பெண்களின் கூந்தலில் வருகிறது. அந்த வீடு கிடங்கு இல்லை, பட்டறை.

இதை ஒத்துக்கொண்டதனால் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே ஆண்டுகளின் 'காதலி'. சாலமோனின் உன்னதப்பாட்டு மணமகள், ஜப்பானிய அங்கி, தலையில் பெரு நாட்டு இறகு அணி. முன்னால் ரோஜாக்கள் நிறைந்த பாத்திரத்துடன் ஒரு கறுப்பினச் சிறுவன். படம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அந்தச் சிறுவன் படத்தில் என்ன? மணமகளின் வெளுப்பை எடுத்துக் காட்ட ஒரு நிறம். ஓட்டை உருமாற்றிய கை இங்கே அவனை வெறுமனே வைத்திருக்கிறது. எல்லா தேசத்துப் பொருளும் எப்படி ஒரு லண்டன் வீட்டில் சேர்ந்தது என்ற கேள்வியை ரொஸெட்டி கேட்டதில்லை. கப்பல் துறைகள் கேட்காமலே கொண்டுவந்து இறக்கின. கப்பல் அனுப்பும் தேசங்களில் ஒன்றில் பிறந்தவனுக்கு இந்தக் கலப்பு அவ்வளவு வெகுளியானதாகத் தெரியாது. லம்பாடிப் பாவாடையைத் திரையாகத் தைத்த என் அண்ணனுக்கும் இது பொருந்தும். அதை அவிழ்த்து விற்றவள் அடுத்து என்ன உடுத்தினாள் என்று நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை.

சேர்ப்பவனுக்குப் பொறுமை வேண்டும் என்பதையும் ரொஸெட்டி எப்போதும் கற்றுக்கொண்டதாகச் சொல்ல முடியாது. 1857இல் ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் மண்டபத்தில் அவரும் மாரிஸும் பர்ன்-ஜோன்ஸும் நண்பர்களும் ஆர்தர் ராஜா கதையைச் சுவரில் தீட்டினார்கள். செங்கல்மேல் வெறும் வெள்ளையடித்த சுவர். தகுந்த பூச்சு இல்லை. தீட்டி முடிப்பதற்குள் மங்கத் தொடங்கியது. அண்ணனிடம் சொன்னபோது, "சுவர் காயலேன்னா எவன் வரைஞ்சாலும் அதான்" என்றார்.

'காதலி'யை வரையச் சொல்லி வாங்கியவர் பர்க்கன்ஹெட்டைச் சேர்ந்த ஜார்ஜ் ரே. வங்கியாளர். 1885இல் 'கிராமத்து வங்கியாளன்' என்று கடன் கொடுப்பதில் காட்ட வேண்டிய நிதானம் பற்றிப் புத்தகம் எழுதியவர். எங்கள் தொழிலில் வெகுகாலம் படிக்கப்பட்டது. பகல் முழுக்க நிகர எடை பார்த்த ஒருவர் வீட்டுச் சுவரில் கல் எடை அத்தனையும் தொங்கியிருக்கிறது. எனக்கு இது வேடிக்கையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும். வங்கி குமாஸ்தாவும் இலக்கியமும் என்றால் நாங்களெல்லாம் 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் உட்கார்ந்திருந்த எலியட்டைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வோம். அவருடைய 'பாழ்நில'மும் பல பாஷைப் பழம்பொருள்கள் அடைத்த வீடுதான் என்பதைச் சௌகரியமாக மறந்துவிட்டு, பவுண்டின் கத்திரிக்கோலை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் தம்பி வில்லியம் மைக்கேல் ரொஸெட்டி. இத்தாலியிலிருந்து அரசியல் அகதியாக வந்த தகப்பனாருக்கு உடம்பு குலைந்து வருமானம் நின்றபோது, 1845இல், பதினைந்து வயதில் சுங்கவரி ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டவர். அண்ணன் ஓவியம் படிக்கலாம் என்று ஆனதற்கு இந்தச் சம்பளம் ஒரு காரணம். 1894இல்தான் ஓய்வு. இடையில் விமர்சகர், விட்மன் கவிதைகளை 1868இல் தேர்ந்து இங்கிலாந்துக்குக் கொடுத்தவர் அவர். பிரீ-ராஃபலைட் கோஷ்டியின் கூட்டங்களில் யார் என்ன பேசினார்கள் என்று குறித்து வைத்த காரியதரிசி. அவர்களுடைய பத்திரிகை 'ஜெர்ம்' 1850 ஜனவரியில் தொடங்கியபோது ஆசிரியரும் அவரே. முதல் இதழ் 700 பிரதி அச்சடித்து 200 போல விற்றது. நாலு இதழோடு நின்றுபோயிற்று. இந்தக் கணக்கு நம்மில் யாருக்கும் புதிதில்லை. செல்லப்பா 'எழுத்து'வை 1959லிருந்து 1970 வரை இழுத்ததை நினைத்தால் நாலு இதழ் சின்ன விஷயம்.

கவிஞர் என்று அவரை யாரும் சொல்வதில்லை. அண்ணனுடைய கடிதங்களைப் பதிப்பித்தார், எந்தப் படம் எந்த வருஷம் என்று பட்டியல் போட்டார். 1869இல் கல்லறையைத் தோண்டிக் கவிதைகளை எடுத்ததையும் (மருந்து ஊற்றி உலர்த்திய அந்தத் தாள்களில் புழு அரித்த துளைகள்), 1870இல் புத்தகம் வந்ததையும், குளோரல் அண்ணனை உருக்கியதையும் பக்கத்திலிருந்து பார்த்தார். 1882 ஏப்ரல் 9ஆம் தேதி அண்ணன் இறந்தார். எஸ்டேட்டின் நிர்வாகி வில்லியம். கடன் இருந்தது. ஜூலை 5, 6, 7 மூன்று நாளும் செய்னி வாக் வீட்டிலேயே ஏலம். அச்சடித்த பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எண். கண்ணாடி ஓர் எண், ஜாடி ஓர் எண், கட்டில் ஓர் எண்.

அந்தப் பகுதியைப் படித்த மறுநாள் அண்ணன் வீட்டில் 61ஆம் எண் எழுதிக்கொண்டிருந்தேன். மேற்கு ஜன்னலுக்கு எதிரே இருந்த பெரிய பெல்ஜியம் கண்ணாடி. நானும் கடை ஆளும் அதைக் கழற்றினோம். அறை இருண்டுபோயிற்று. சாயங்கால வெயில் லம்பாடித் திரையின் சில்லுகளில் பட்டுக் கண்ணாடிக்குப் போய், அங்கிருந்து உள்ளறையில் அண்ணன் சீன் வரையும் சுவரில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது, இருபது வருஷமாக. உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. ரசம் போன கண்ணாடியை ஏன் வாங்கினாய் என்று நான் கேலி செய்திருக்கிறேன். ரசம் போனதால்தான் வெளிச்சம் கூசாமல் பரவியிருக்கிறது. அண்ணன் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் 'கண்ணாடி, பெரியது, ரசம் போனது' என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது? பட்டியலுக்கு அந்தப் பாஷைதான் தெரியும்.

கண்ணாடி தவிர 111 உருப்படி போயிற்று. பித்தளையை எடைக்கு எடுத்தார்கள். சிம்மாசனத்துக்கு ஒன்றும் கிடையாது என்றார் காரைக்குடிக்காரர்; மரம் மட்டமாம், கில்ட்டுக்கு மதிப்பில்லையாம். நான் தினமும் சொல்கிற குரலிலேயே சொன்னார்.

விற்றது தப்பா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். தப்பில்லை. மாடி இல்லை, காசில்லை, எனக்கும் இரண்டு குழந்தைகள். வில்லியமும் வேறென்ன செய்திருக்க முடியும்? எனக்கு உறுத்துவது வேறு. சிக்கனம் என்பதை நான் ஒரு கலைக் கோட்பாடாகப் பேசிவந்தேன். அதில் எவ்வளவு பங்கு படித்தறிந்தது, எவ்வளவு பங்கு மாதச் சம்பளக்காரனின் பயம்? நாலு வருஷம் முன்பு இதே பக்கங்களில் ஒரு கவிஞரின் தொகுப்பைப் படிமக் குப்பை என்று எழுதினேன். திரும்ப எடுத்துப் படித்தேன். முக்கால்வாசி இன்னும் குப்பைதான். ஒன்பது, பத்துக் கவிதைகள் அப்படி இல்லை. அவற்றில் ஒன்றை எடுத்தால் இன்னொன்று இருண்டுபோகிறது. அதை அன்று நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு படிமத்தையும் கழற்றி எண் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவர் அதற்குப் பிறகு எழுதவில்லை என்று கேள்வி. என் கட்டுரைதான் காரணம் என்று நினைத்துக்கொள்வதும் ஒரு கர்வம்.

அண்ணன் இப்போது என் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி. கின்னிக்கோழியைக் கீழ்வீட்டுப் பையன் வாங்கிக்கொண்டான். 61ஆம் எண்ணை மட்டும் கடைசி நிமிஷத்தில் டெம்போவிலிருந்து நான் இறக்கச் சொல்லிவிட்டேன். காரைக்குடிக்காரர் முகம் சுளித்தார். போன ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டலாம் என்று ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் எழுந்து வந்து சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பொடி உதிர்ந்தது.

"ஊறியிருக்குடா. பூச்சு பேந்துடும். இதைத் தாங்காது."

"அப்ப?"

"இப்படியே கீழ சாத்தி வை. சித்திரைக்குக் காயட்டும், பார்ப்போம்."

சாத்தி வைத்திருக்கிறோம். அறைக்குள் போகிறவர்களின் கால் மட்டும் தெரிகிறது.